சங்கத்து இணையத்தளத்தின் திறப்பு யார் கையில்?



தம்பலகாமம் பிரதேசத்திலுள்ள மாதர் சங்கமொன்றின் செயலாளர் எமக்கு எழுதிய கடிதத்தை வைத்தே இம்மாதப் பகுதியை எழுதுகிறோம். அவர்களுடைய சங்கத்தில் 48 அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வயல் செய்பவர்கள், தயிர் விற்பவர்கள், பாய் இழைப்பவர்கள், தையல் தைப்பவர்கள் என்று பலரும் அதில் அடக்கம். பாதிப் பேருக்கு மேல் யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ இழந்து, தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். சங்கத்துக்கென்று ஓர் இணையத்தளம் வேண்டுமென்று பொதுக்கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறார்கள். செய்த பொருட்களை அதில் காட்டவேண்டும். ஊரின் கதைகளையும் தாங்கள் பட்ட அனுபவங்களையும் அங்கத்தவர்களே எழுதிப் போடவேண்டும் என்பது அவர்களின் விருப்பம்.

“இரண்டு பேர் வந்து கதைத்தார்கள். ஒருவர் வேர்ட்பிரஸ் நல்லது என்றார். மற்றவர் ட்ரூபல்தான் பாதுகாப்பு என்றார். எங்கள் தலைவியின் மகன், பேஸ்புக் இருக்கும்போது இதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்கிறான். எதைத் தெரிவு செய்வதென்று எங்களுக்கு விளங்கவில்லை” என்று அந்தச் சகோதரி எழுதியிருக்கிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே காசைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அவதிப்பட்ட சங்கங்களை நாம் கண்டிருக்கிறோம். ஒரு செயற்றிட்டத்தின் கீழ் அழகான தளமொன்று அமைத்துக் கொடுக்கப்படும். விளக்கேற்றித் திறப்பு விழாவும் நடக்கும். செயற்றிட்டம் முடிந்ததும் பொறுப்பாயிருந்த உத்தியோகத்தர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போவார். கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். அடுத்த வருடக் கட்டணத்தைக் கட்ட ஆளில்லாமல் தளம் மறைந்துவிடும். அதில் எழுதியிருந்த பெண்களின் எழுத்தும் அதோடு சரி.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா, மீடியாவிக்கி எல்லாமே உள்ளடக்க முகாமைத்துவ மென்பொருள் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை வருவதற்கு முன்னர் இணையத்தளம் என்பது ஒரு தனி ஆளின் கைவேலையாக இருந்தது. அவர் ஒவ்வொரு பக்கத்தையும் தன்னுடைய கணினியில் குறிமொழியில் எழுதி, வழங்கிக்கு அனுப்பவேண்டும். சங்கத்தின் தொலைபேசி இலக்கத்தை மாற்றுவதென்றாலும் அவரைத்தான் தேடிப் போகவேண்டும். இந்த மென்பொருள்கள் எழுத்தையும் தோற்றத்தையும் வேறுவேறாகப் பிரித்துவிட்டன. எழுத்து ஒரு தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கும். தோற்றம் இடியப்ப உரலின் அச்சைப் போன்றது. அச்சை மாற்றினால் மா மாறுவதில்லை. அங்கத்தவர் ஒருவர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போய், ஒரு பெட்டிக்குள் எழுதிப் பொத்தானை அழுத்தினால் பக்கம் தயாராகிவிடும். இந்த நான்கு மென்பொருள்களும் இலவசம். தளத்தின் பெயருக்கும், அது இருக்கும் இடத்தின் வாடகைக்கும், அமைத்துத் தருபவரின் கூலிக்கும்தான் பணம் போகிறது. மென்பொருளுக்கே விலை சொல்லுகிறவர் வந்தால் அவரைக் கொஞ்சம் கூடுதலாக விசாரியுங்கள்.

அங்கத்தவர்கள் கூடி ஒரு தளத்தை வளர்ப்பது எமது மக்களுக்குப் புதிய விடயமன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்துபோனதை அறிவீர்கள். அந்த இழப்பின் நினைவோடு, ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் பாதுகாப்பதற்காக 2005 இல் ‘நூலகம்’ என்ற திட்டத்தைத் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். அந்தத் தளம் மீடியாவிக்கி என்ற மென்பொருளில் இயங்குகிறது. விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. தமிழ் விக்கிப்பீடியாவை 2003 இல் முன்னின்று கட்டியெழுப்பியவரும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் அவர்களே. அவர் அப்போது தொழில் நிமித்தம் ஐக்கிய அரபு இராச்சியத்தில் வசித்து வந்தார். 2017 இல் அங்கே கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. கூலி எதுவும் வாங்காதவர்கள் எழுதியவை அவை.

நூலகத்தினருக்கு விக்கி ஏன் பொருந்தியது என்று பார்த்தால் எமது கேள்விக்கும் வழி பிறக்கும். அவர்களிடம் ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு பக்கம் இருக்கிறது. ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு என்று அதில் விபரங்கள் இருக்கும். வாசிப்பதற்கு ஓர் இணைப்பும் இருக்கும். மட்டக்களப்பு சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் வெளியிட்ட ‘பெண்’ சஞ்சிகையின் பழைய இதழ்களையும் அங்கே வாசிக்கலாம். ஒரு நாட்டில் இருப்பவர் பக்கத்தைத் தொடங்குவார். வேறொரு நாட்டில் இருப்பவர் எழுத்துப் பிழையைத் திருத்துவார். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை விக்கி வரிவரியாக நினைவில் வைத்திருக்கும். யாராவது கெடுத்துவிட்டால் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம். எல்லாமே எல்லோரும் பார்க்கவேண்டிய பொதுச் சொத்து என்பதால் ஒளித்து வைக்கவேண்டிய தேவை அங்கே குறைவு.

பின்னாளில் ஒளிப்படங்களும் ஒலிப்பதிவுகளும் ஓலைச்சுவடிகளும் சேரத் தொடங்கியபோது அவற்றுக்கு விக்கி போதவில்லை. அதற்காக ‘ஆவணகம்’ என்ற இன்னொரு தளத்தை ஐலண்டோரா என்ற மென்பொருளில் அமைத்தார்கள். அது ட்ரூபலின் மேல் கட்டப்பட்டது. பழைய விக்கியைக் கலைக்கவில்லை. தேவை மாறிய இடத்துக்கு மட்டும் வேறு கருவியை எடுத்தார்கள்.

சரி, இனித் தம்பலகாமத்துக்கு வருவோம்.

உங்கள் சங்கத்தினர் எழுத நினைப்பவற்றில் ஊரைப் பற்றிய விடயங்கள் ஒரு வகை. ஆதிகோணநாயகர் கோயில் பற்றிய செவிவழிக் கதைகள், பழைய நெல்லினங்கள், நீர் பங்கிடும் முறை, கைமருந்து, மறந்துபோகும் பலகாரங்கள் போன்றவை. ஒருவர் எழுத மற்றவர் சேர்க்க, பாலம்போட்டாற்றில் இருப்பவர் ஒன்று சொல்ல, முள்ளிப்பொத்தானையில் இருப்பவர் இன்னொன்று சொல்ல வளரும் விடயங்கள் இவை. இவற்றுக்கு விக்கிதான் பொருத்தம். ஆனால் இதற்காகச் சங்கம் தனியாக ஒரு விக்கியை அமைக்கத் தேவையில்லை என்பதே எமது அபிப்பிராயம். சிறிய விக்கிகளைப் பராமரிப்பது பெரிய தொல்லை. பதிவை எல்லோருக்கும் திறந்துவிட்டால், விளம்பரம் ஒட்டுவதற்கென்றே இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் போலிக் கணக்குகளைத் திறந்துவிடும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் தம்பலகாமத்துக்கு ஒரு கட்டுரை இருக்கிறது. அச்சான நூல்களில் ஆதாரம் உள்ளவற்றை அங்கே சேர்க்கலாம். சங்கத்தின் பழைய மலர்கள், ஆண்டறிக்கைகள் இருந்தால் நூலகத்துக்குக் கொடுக்கலாம். அவர்கள் பாதுகாப்பார்கள், உங்களுக்கு வாடகைச் செலவும் இல்லை.

மற்ற வகை, உங்கள் சொந்தச் செய்திகள்: விற்பனைக்குரிய பொருட்கள், கூட்ட அறிவித்தல்கள், அங்கத்தவர் தம் பெயரில் எழுதும் அனுபவங்கள். இதற்கு வேர்ட்பிரஸ் போதும். 2003 இல் தொடங்கிய இந்த மென்பொருளில்தான் இன்று உலகின் இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இயங்குகின்றன. அவ்வளவு பேர் பாவிப்பதால் திருகோணமலையிலேயே அதைத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்கலாம். அமைத்துத் தந்தவர் நாளை வெளிநாடு போய்விட்டாலும் அடுத்தவர் வந்து பார்த்தவுடன் விளங்கிக்கொள்வார். எம்மைப் போன்ற சிறிய சங்கங்களுக்கு இந்த ஒரு காரணமே பெரிய காரணம். அதன் உட்புறத்தைத் தமிழிலும் மாற்றிக்கொள்ளலாம். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி மொழிபெயர்ப்புகள் உண்டு.

வேர்ட்பிரசில் எமக்கு மிகவும் பிடித்தது அதிலுள்ள அதிகாரப் படிகள். சங்க யாப்பில் உள்ளதைப் போலவே அங்கேயும் ஆளுக்கு ஆள் அதிகாரம் வேறுபடும். ஐந்து படிகள் இருக்கின்றன. கீழ்ப்படியில் இருப்பவர் உள்ளே வந்து வாசிக்கலாம், அவ்வளவுதான். அடுத்தவர் ‘பங்களிப்பாளர்’. அவர் எழுதலாம், ஆனால் தானாக வெளியிட முடியாது. அவர் எழுதியது மேலே உள்ள ஒருவர் பார்த்து அனுமதிக்கும்வரை காத்திருக்கும். அதற்கு மேலுள்ளவர் ‘எழுத்தாளர்’. தனது எழுத்தைத் தானே வெளியிடுவார். அதற்கும் மேலே எல்லோருடைய எழுத்தையும் திருத்தி வெளியிடக்கூடிய தொகுப்பாசிரியர். உச்சியில் நிர்வாகி. முழுத் தளத்தையும் மாற்றவோ அழிக்கவோ வல்லவர் அவர்.

தளம் அமைப்பவர்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் நிர்வாகி அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது அவர்களுக்குச் சுலபம். நீங்கள் சம்மதிக்காதீர்கள். 48 பேரையும் பங்களிப்பாளராகச் சேருங்கள். மூன்று பேர் கொண்ட ஆசிரியர் குழுவொன்றைக் கூட்டத்தில் தெரிந்து அவர்களைத் தொகுப்பாசிரியர் ஆக்குங்கள். நிர்வாகிகள் இருவர் போதும். ஆனால் ஒரு சில்லறைச் சிக்கல் இருக்கிறது, முன்கூட்டியே அறிந்திருங்கள். பங்களிப்பாளருக்குப் படம் ஏற்றும் அதிகாரம் கிடையாது. பாய் இழைக்கும் அக்கா தனது பாயின் படத்தைப் போடப் பார்ப்பார், முடியாது. “இது எனக்குச் சரிவராது” என்று விட்டுவிடுவார். படத்தை ஆசிரியர் குழுவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி முதல் நாளே ஏற்பாடு செய்துவிடுங்கள். கணினியே தொடாத மூத்த அங்கத்தவர்களிடமிருந்து குரல் பதிவாக வாங்கி இளையவர் ஒருவர் தட்டச்சுச் செய்யலாம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே போடவேண்டும்.

வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு பொருட்கள் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். ஒன்று மென்பொருள், நீங்கள் வாடகைக்கு எடுத்த இடத்தில் நிறுவிக்கொள்வது. மற்றது அதே பெயரில் ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. அங்கே இலவசக் கணக்கொன்றைத் திறந்து உடனேயே எழுதத் தொடங்கலாம். ஆனால் முகவரியில் அவர்களின் பெயர் ஒட்டியிருக்கும். அவர்களுடைய விளம்பரங்களும் வரும். முதல் ஆறு மாதங்கள் பழகிப் பார்ப்பதற்கு இந்த இலவசக் கணக்கே போதுமென்று நாம் சொல்வோம். எழுதியவற்றை முழுவதுமாக வெளியே எடுத்து, பின்னர் சொந்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். எழுத ஆட்கள் உண்மையில் முன்வருகிறார்களா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். இழுத்து விட்டுப் பக்கம் கட்டும் விக்ஸ் போன்ற சேவைகள் பார்வைக்கு அழகானவை. ஆனால் அங்கே கட்டிய தளத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க முடியாது.

ட்ரூபல் பற்றிச் சொன்னவர் பிழையாகச் சொல்லவில்லை. 2001 இல் வெளிவந்த மென்பொருள் அது. யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று மிக நுணுக்கமாக வகுக்கக்கூடியது. தமிழ், சிங்களம் என்று பல மொழிகளில் பக்கங்கள் வைப்பதற்கான வசதியும் அதன் உள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரசுக்கு அதற்கென்று தனியாக ஒரு செருகியைச் சேர்க்கவேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் தம்பலகாமத்தில் இது யோசிக்கவேண்டிய விடயம்தான். ஆனால் ட்ரூபலைப் பராமரிக்க அதை நன்கு படித்த ஒருவர் தொடர்ந்து கூடவே இருக்கவேண்டும். அதன் ஏழாம் பதிப்பிலிருந்து அடுத்ததுக்குப் போவதென்பது வீட்டை இடித்துத் திரும்பக் கட்டுவதற்குச் சமமாக இருந்தது. அப்படிப் போக வசதியில்லாத பலர் பழையதிலேயே தங்கிவிட்டார்கள். அந்த ஏழாம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 ஜனவரி 5 உடன் நின்றுபோயின. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு ட்ரூபல் பொருந்தும். சந்தாக் காசில் நடக்கும் சங்கத்துக்கு அது பாரம்.

ஜூம்லா 2005 இல் வந்தது. வேர்ட்பிரசுக்கும் ட்ரூபலுக்கும் இடைப்பட்டது. ‘எல்லோரும் சேர்ந்து’ என்ற கருத்துள்ள சுவாகிலி மொழிச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாம். பெயர் சங்கத்துக்கு நன்றாகப் பொருந்தும். அதற்காக மட்டும் அதைத் தெரிவு செய்ய வேண்டாம்.

தலைவியின் மகனுக்கும் மறுமொழி சொல்லவேண்டுமல்லவா? பேஸ்புக்கை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. தயிரும் பாயும் வாங்குபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அது வேறொருவரின் காணி. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்செயல்கள் நடந்தபோதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் மட்டும் நம்பியிருந்தவர்களின் தொடர்பு அந்நாட்களில் அறுந்துபோயிற்று. இலவசமாக இடம் கொடுத்த நிறுவனங்களே கடையை மூடிவிட்டுப் போனதும் உண்டு. யாகூவின் ஜியோசிட்டீஸ் 2009 இல் மூடப்பட்டது. ஓர்குட் 2014 இலும், கூகிள் பிளஸ் 2019 இலும், யாகூ குழுமங்கள் 2020 இலும் போயின. அவற்றில் எழுதியவர்கள் அறிவித்தல் வந்த பிறகு மூட்டை கட்டவேண்டியிருந்தது. இடம்பெயர்ந்து பழகிய எமக்கு அது எப்படியிருக்கும் என்று விளக்கவேண்டியதில்லை. ஆகவே, எழுத்து உங்கள் தளத்தில் இருக்கட்டும். அதற்கு வழிகாட்டும் பலகையாகப் பேஸ்புக்கைப் பாவியுங்கள்.

இனித் திறப்புகள் பற்றி. எந்த மென்பொருளைத் தெரிந்தாலும், தளத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திறப்புகள் உண்டு. தளத்தின் பெயரைப் பதிவுசெய்த கணக்கு ஒரு திறப்பு. இடத்தை வாடகைக்கு எடுத்த கணக்கு மற்றொன்று. மென்பொருளின் நிர்வாகிக் கடவுச்சொல் மூன்றாவது. இந்த மூன்றையும் திறக்கும் நாலாவது திறப்பு ஒன்றிருக்கிறது, அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அதுதான் மின்னஞ்சல். கடவுச்சொல்லை மறந்துவிட்டோம் என்று அழுத்தினால் புதியது அந்த மின்னஞ்சலுக்கே வரும். அந்த மின்னஞ்சலை மீட்பதற்கான இலக்கம் யாருடைய கைத்தொலைபேசியில் இருக்கிறதோ, அவரே தளத்தின் உண்மையான சொந்தக்காரர்.

எனவே, சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து அதிலேயே எல்லாவற்றையும் பதிவுசெய்யுங்கள். அமைத்துத் தருபவர் “என்னுடைய கணக்கில் போட்டுவிடுகிறேன், மலிவு” என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். வங்கிக் கணக்கை உத்தியோகத்தரின் பெயரில் திறப்போமா? கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு, தலைவியும் செயலாளரும் பொருளாளரும் கையொப்பமிட்டுச் சங்க அலுமாரியில் வையுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் கையளித்து, கடவுச்சொற்களைப் புதிதாக மாற்றி, கூட்டறிக்கையில் பதியுங்கள். முத்திரையையும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் எப்படிக் கவனமாகக் கையளிக்கிறோமோ அப்படி.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயருக்கும் இடத்துக்கும் வருடாவருடம் கட்டவேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தில் எடுத்தால் டொலரில் கட்டவேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது நினைவிருக்கும். முதல் வருடத்துக்கு மலிவு விலை போட்டு, இரண்டாம் வருடத்தில் பல மடங்கு கேட்கும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. ஆகவே, புதுப்பிக்கும் விலை என்னவென்று கேளுங்கள். குறைந்தது இரண்டு வருடத்துக்கான காசை ஒதுக்காமல் தொடங்க வேண்டாம்.

அடுத்த விடயத்தைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள். எம்முடைய அங்கத்தவர்கள் எழுதப்போவது சமையற்குறிப்பு மட்டுமன்று. காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி எழுதுவார்கள். முகாமில் இருந்த நாட்களைப் பற்றி எழுதுவார்கள். எழுதவேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு இருக்கிறது, அந்த உரிமையும் இருக்கிறது. ஆனால் இணையத்தில் போட்டதைத் திரும்பப் பெறுவது கடினம். இன்று சம்மதித்த தாய், நாளை மகளுக்குக் கல்யாணம் பேசும்போது “அதை எடுத்துவிடுங்கோ பிள்ளை” என்று கேட்கலாம். விக்கியில் என்றால் பக்கத்தைத் திருத்தினாலும் அதன் பழைய வடிவம் வரலாற்றில் நிற்கும். நிர்வாகி தனியாக மறைத்தாலொழிய யாரும் பார்க்கலாம். அதனால்தான் இப்படியான எழுத்துக்கு விக்கி வேண்டாம் என்கிறோம். வேர்ட்பிரசில் வெளியிலுள்ளவர் பழைய வடிவத்தைப் பார்க்க முடியாது, பக்கத்தை எடுத்துவிடலாம். அப்போதும்கூட, 1996 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இணைய ஆவணகம் அதற்கிடையில் ஒரு பிரதியை எடுத்து வைத்திருக்கக்கூடும். அழிந்துபோன எத்தனையோ தமிழ்த் தளங்களைக் காப்பாற்றி வைத்திருப்பதும் அதே ஆவணகம்தான் என்பதையும் மறக்கக்கூடாது. நீக்கும்படி அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம்.

‘அங்கத்தவர்களுக்கு மட்டும்’ என்று பக்கத்தைப் பூட்டினால் போதுமே என்று நினைப்பீர்கள். வேர்ட்பிரசில் பக்கத்தைப் பூட்டினாலும் அதிலுள்ள படத்தின் நேரடி முகவரி பெரும்பாலும் திறந்தே இருக்கும். அந்த முகவரி தெரிந்தவர் கடவுச்சொல் இல்லாமலேயே படத்தைப் பார்க்கலாம். மீடியாவிக்கியைச் செய்தவர்களோ, பக்கத்துக்குப் பக்கம் ஒளித்து வைப்பதற்காக அதை வடிவமைக்கவில்லை என்று தாங்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் அடையாள அட்டை இலக்கம், மரணச் சான்றிதழ், முறைப்பாட்டுப் பிரதிகள், கடன் விபரம், வீட்டு முகவரி ஆகியவற்றை எந்த மென்பொருளிலும் ஏற்றாதீர்கள். அவை அலுமாரியில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் எடுத்த படத்துக்குள், அது எடுக்கப்பட்ட இடத்தின் குறிப்பு ஒளிந்திருக்கலாம். கமராவின் அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் பழகுங்கள். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஒருவரைப் பற்றிய விபரத்தைச் சேகரிப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்பதே அதன் அடிப்படை. எழுதுபவரிடம் சம்மதத்தைக் கையொப்பத்துடன் வாங்குங்கள். சொந்தப் பெயரா, புனைபெயரா, பெயரே வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கேளுங்கள். போன மாதம் ஒன்றுக்குச் சம்மதித்தவர் இந்த மாதமும் சம்மதிப்பார் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

பாதுகாப்பு வேலைகளில் இரண்டை மட்டும் சொல்கிறோம். செருகிகளை ஆசைக்குச் சேர்க்காதீர்கள். கைவிடப்பட்ட செருகி வழியாகத்தான் களவாளிகள் பெரும்பாலும் உள்ளே வருகிறார்கள். புதுப்பிக்கச் சொல்லி அறிவித்தல் வந்தால் உடனே புதுப்பியுங்கள். மாதம் ஒருமுறை தளத்தின் பிரதியை எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். பிரதி எடுப்பவர்கள் படங்களையும் கோப்புகளையும் எடுத்துவிட்டுத் தரவுத்தளத்தை மறந்துவிடுவதுண்டு. எழுத்து முழுவதும் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் எடுத்தால்தான் அது பிரதி.

கடைசியாக எழுத்துரு. எமது பகுதிகளில் தட்டச்சுக் கடைகளில் இன்றும் பாமினி எழுத்துருவில் அடிப்பவர்கள் உண்டு. அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாகத்தான் வரும். சங்கத்தின் பழைய அறிக்கைகளைப் போடுவதற்கு முன் ஒருங்குறிக்கு, அதாவது யுனிக்கோட்டுக்கு மாற்றவேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும். ஒருங்குறியில் இருந்தால்தான் ‘தம்பலகாமம் பாய்’ என்று தேடுபவருக்கு உங்கள் பக்கம் அகப்படும். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தினர்கூட முன்பு வேறு எழுத்துருக்களில் வெளியிட்ட பழந்தமிழ் நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றவேண்டியிருந்தது. கைத்தொலைபேசியில் அடிக்கும் தமிழ் ஏற்கனவே ஒருங்குறியில்தான் இருக்கிறது என்பதால், இளம் அங்கத்தவர்களுக்கு இதில் சிரமமில்லை.

செயலாளர் சகோதரிக்கு எமது மறுமொழி இதுதான்: வேர்ட்பிரஸ். முதல் ஆறு மாதங்கள் இலவசக் கணக்கில். அதற்குள் 10 அங்கத்தவர்களாவது ஆளுக்கு இரண்டு முறை எழுதினால், சொந்தப் பெயரும் இடமும் எடுங்கள். எழுதவில்லையென்றால் பேஸ்புக் பக்கமே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். தளம் அமைக்க வருபவரிடம், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: தளத்திலுள்ள அனைத்தையும் எடுத்து வேறொரு கணினியில் போட்டு இயக்கிக் காட்டட்டும். அதற்குப் பின்வாங்குபவருக்கு முற்பணம் கொடுக்கவேண்டாம்.

அங்கத்தவரிடம் சம்மதம் பெறுவதற்கான மாதிரிப் படிவமொன்றை அடுத்த இதழில் தருகிறோம். உங்கள் சங்கம் ஏற்கனவே அப்படியொன்றைப் பாவிப்பதானால் அதன் வெற்றுப் பிரதியொன்றை எமக்கு அனுப்பிவையுங்கள்.